வரவேற்புப் பயிற்சி

ஆல்வின் சார் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது, நாற்காலியில் எப்படி உட்காருவது என்பதை. பி.காம் மூன்றாம் ஆண்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, ஒவ்வொருவராக வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து உட்காரச் சொன்னார். பாதிப் பேர் கதவைத் தட்டும்போதே நெளிந்தார்கள். உள்ளே வந்தவர்கள் எல்லாருமே நாற்காலியின் விளிம்பில், யாரோ வந்து எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல ஒட்டிக்கொண்டார்கள். ஜெனிலாவும் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

"அந்த நாற்காலி உங்களுக்காகப் போட்டது. முழுசா உக்காருங்க," என்றார் அவர்.

அந்தச் சொல் ஜெனிலாவுக்குப் பிடித்துப்போனது. அவள் அப்பா சத்தியநேசன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். எந்த ஆபீசுக்குப் போனாலும் ஓரமாக நின்றே பேசிவிட்டு வருகிற மனிதர். உட்காரச் சொன்னால்கூட "இருக்கட்டும் சார்" என்பார். அம்மா கிருபாபாய் அதைவிட மோசம், கணவருக்குப் பின்னால் நிற்பாள்.

கல்லூரி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டின் மேல் இருந்தது. கடைசி வருசம் வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் வரும் என்பதால், நிர்வாகம் வெளியிலிருந்து ஆல்வின் சாரை வரவழைத்திருந்தது. முப்பது வயசுக்கு மேல் இருக்காது. சுருக்கமில்லாத சட்டை, மெல்லிய சென்ட், நிதானமான பேச்சு. கையை எவ்வளவு அழுத்தமாகக் குலுக்க வேண்டும், பெரியவர்களிடம் பேசும்போது வாயைக் கையால் மூடாமல் எப்படி மரியாதை காட்டுவது, விசிட்டிங் கார்டை எப்படி இரண்டு கையாலும் வாங்கிப் பெயரைப் படித்துச் சொல்வது என்று எல்லாம் நடத்தினார். தன் பேரைச் சொல்லித் தொடங்குகிறவனைத்தான் எதிரே இருப்பவன் ஆளாக மதிப்பான் என்பது அவர் அடிக்கடி சொன்னது.

அது வேலையும் செய்தது. அம்மாவின் பாஸ்புக்கில் பேர் தப்பாக இருந்ததைத் திருத்த பேங்குக்குப் போய் அலைந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தடவை ஜெனிலா போனாள். மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள், பேரைச் சொன்னாள், உட்கார்ந்தாள், விசயத்தைச் சொன்னாள். அன்றைக்கே திருத்திக் கொடுத்துவிட்டார்கள். கிருபாபாய் இதைச் சர்ச்சில் ஒருத்தர் விடாமல் சொன்னாள்.

அதனால் ஆல்வின் சார் மேல் சந்தேகம் வந்தபோது, ஜெனிலாவுக்குத் தன் மேல்தான் முதலில் எரிச்சல் வந்தது.

தொடக்கம் சின்ன விசயம்தான். வகுப்பில் எல்லாரையும் போட்டோ எடுத்தார். போகப்போக எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்று பார்க்கவாம். பையன்களுக்கு முகம் மட்டும் எடுத்தார். பொம்பளைப் பிள்ளைகளை மட்டும் சுவரோரம் நிற்கவைத்து, தலையிலிருந்து கால்வரை எடுத்தார். அதற்குப் பிறகு பையன்களுக்கு வகுப்பு குறைந்தது. பிள்ளைகளுக்குச் சேலை மடிப்பு எடுப்பது, பல் தெரியாமல் சிரிப்பது, தட்டை இடது கையில் ஏந்தி நடப்பது என்று பாடம் வேறு பக்கம் போனது.

ஜெனிலா எழுந்து கேட்டாள். "சார், நாங்க கணக்கு வேலைக்குத்தானே போகப் போறோம். தட்டு எதுக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே, "ஜெனிலா, கேள்வி கேக்குறது தப்பில்ல. ஆனா எல்லாத்தையும் சந்தேகப்படுறவங்களை எந்த டீமும் வச்சுக்காது," என்றார். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது உறைத்தது.

பக்கத்தில் இருந்த பிளஸ்ஸி அவள் தொடையில் கிள்ளினாள். பிளஸ்ஸி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, முதல் வருசத்திலிருந்தே இவளோடுதான் இருப்பாள். ஏர்போர்ட்டில் டிக்கெட் கவுண்டரில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இந்த வகுப்புதான் வழி என்று நம்பினாள். ஆல்வின் சார் சொன்ன மாதிரியே தலைக்கு எண்ணெய் வைப்பதைக் குறைத்துவிட்டாள், நடையை மாற்றிவிட்டாள், வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீசில் பேர் சொல்லிப் பழகினாள்.

மாசக் கடைசியில், எட்டுப் பிள்ளைகளின் பேரை வாசித்து, அவர்களை மட்டும் நிற்கச் சொன்னார் ஆல்வின். ஒரு நேரடிப் பயிற்சி இருக்கிறது, ஏற்றுமதிக் கம்பெனிகளின் கூட்டம், வருகிறவர்களை வரவேற்க வேண்டும், சான்றிதழ் உண்டு, வேலைக்கு எடுக்கும்போது முன்னுரிமை உண்டு என்றார். பிளஸ்ஸி பேர் இருந்தது. ஜெனிலா பேரும் இருந்தது. நன்றாக இங்கிலீஸ் பேசுகிற ஜாஸ்மின் பேர் இல்லை. அவள் குள்ளம், கறுப்பு. பையன்கள் ஒருத்தர்கூட இல்லை.

ஜெனிலா வேலைவாய்ப்புப் பொறுப்பில் இருந்த பென்சன் சாரைப் போய்ப் பார்த்தாள். கூட்டம் எங்கே, யார் நடத்துகிறார்கள், கல்லூரியிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேட்டாள். செண்பகத்தோப்பு ரோட்டில் ஒரு மாந்தோப்பு, அதில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. தானும் வருவதாகச் சொன்னார். பேசும்போது முழுக்கக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வாய்ப்பு வர்றதே பெருசு. அதுல போயி நோண்டிக்கிட்டு இருந்தா நாளைக்கு எவன் வருவான்?"

வீட்டில் சொன்னபோது சத்தியநேசன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவிய ஏன் பையங்களக் கூப்பிடல?" போக வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அவளுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பஸ்சில் பிளஸ்ஸியிடம் நீயும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். பிளஸ்ஸி முகம் சுருங்கிவிட்டது. "ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பால்கோவா வாங்குனாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் வாயில வைப்ப. நான் போறேன்ட்டி. ஒனக்கு இஷ்டம்னா வா, இல்லாட்டி விடு," என்றாள்.

ஜெனிலா வீட்டுக்கு வந்து, பிளஸ்ஸியைத் தனியாக விட மனசு கேட்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் மறுபடி தடுக்கவில்லை. கெஸ்ட் ஹவுஸ் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வதாகவும், இருட்டுவதற்குள் போன் வரவில்லையென்றால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் கல்லூரி வாசலில் வேன் நின்றது. பென்சன் சார் இல்லை. நேராக அங்கே வந்துவிடுவார் என்றார் ஆல்வின். வேனில் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி பச்சைச் சேலையும் மல்லிகைப்பூவும் வந்திருந்தன; கல்லூரியிலேயே கட்டிக்கொண்டு ஏறினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலையைப் பார்த்துப் போகும் ரோட்டில் திரும்பியதும், கழுத்தில் இருந்த கல்லூரி அடையாள அட்டைகளைக் கழற்றித் தரச் சொன்னார். சேலைக்கு மேல் அது நன்றாக இருக்காதாம். பிறகு செல்போன்களையும் ஒரு பையில் போடச் சொன்னார். வேலை இடத்தில் போன் கூடாது, அது ஒழுங்கு என்றார். ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள்.

"அட்டைக்குப் பதிலா பேர் எழுதுன பேட்ஜ் குத்திக்கலாமா சார்?" என்று கேட்டாள் ஜெனிலா.

"இன்னைக்குப் பேர் தேவையில்ல," என்றார் ஆல்வின்.

பேரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று இத்தனை நாள் நடத்திய மனிதர்தான் இதைச் சொன்னார். போனைப் பையில் போடும்போது ஜெனிலாவின் விரல் அதை விட மறுத்தது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டுவிட்டாள்.

தோப்பு அழகாகத்தான் இருந்தது. மலை பக்கத்திலேயே எழும்பி நின்றது. மரங்களுக்கு அடியில் வட்ட மேசைகள், வெள்ளைத் துணி, சின்ன விளக்குகள். எட்டுப் பேரும் வாசலில் இரண்டு வரிசையாக நின்று பன்னீர் தெளித்தார்கள், சந்தனமும் கல்கண்டும் நீட்டினார்கள். கார்கள் வந்தபடி இருந்தன. இறங்கியவர்கள் எல்லாரும் ஆண்கள். துணி வியாபாரிகள், மில்காரர்கள், வெளியூர் ஏஜெண்டுகள். சிலர் கும்பிட்டார்கள். சிலர் இவர்களைப் பார்க்காமலே கல்கண்டை எடுத்தார்கள். சிலர் பார்த்த பார்வையை ஜெனிலா பிறகு வீட்டில் சொல்லவில்லை. பென்சன் சார் வரவே இல்லை. சமையல் ஆட்களைத் தவிர அங்கே வேறு பெண்களும் இல்லை.

வெயில் தாழ்ந்தபோது ஆல்வின் வந்து, வாசல் வேலை முடிந்தது, இனி மேசைகளுக்குப் போங்கள் என்றார். வறுத்த முந்திரி, கோழி என்று தட்டுகளைக் கொடுத்தார். மேசைகளில் பாட்டில்கள் வந்திருந்தன. ஜெனிலா அவரைத் தனியாக நிறுத்தி, வரவேற்பு மட்டும்தானே சொன்னீர்கள் என்று கேட்டாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. செத்த நேரம்தான், சிரித்த முகமாக இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்.

மேசைகளுக்கு நடுவில் போனபோதுதான் பிளஸ்ஸியைப் பார்த்தாள். க்ரீம் கலர் சட்டை போட்ட ஒருவர் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். பிளஸ்ஸி தட்டோடு நின்றாள். அந்த ஆள் தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவளை உட்காரவைத்தார். அவள் நாற்காலிமேல் கையைப் போட்டுக்கொண்டு போனை எடுத்து நீட்டினார், செல்ஃபிக்கு. மேசையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். பிளஸ்ஸி ஆல்வினைத் தேடினாள். தூரத்தில் நின்ற அவர் தன் உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டினார், சிரி என்று. பிளஸ்ஸி சிரித்தாள். அவள் கண் சிரிக்கவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

கத்தலாம் என்று ஜெனிலா நினைத்தாள். கத்தினால், இந்தப் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். ஓடலாம் என்றால் போன் இல்லை, வெளியே வெறும் ரோடு. தட்டை ஒரு ஓரமாக வைத்துவிட்டு நேராக அந்த மேசைக்குப் போனாள். க்ரீம் சட்டைக்காரருக்கு எதிரே நின்று, கையை நீட்டினாள்.

"வணக்கம் சார். என் பேர் ஜெனிலா. பி.காம் மூணாவது வருசம் படிக்கேன். இவ என் கிளாஸ்மேட் பிளஸ்ஸி. உங்க பேர் என்ன சார்?"

நீட்டிய கையைப் பார்த்ததும், பழக்கத்தில் அவர் எழுந்துவிட்டார். நாற்காலிமேல் இருந்த கையை எடுத்துத்தான் கைகொடுக்க வேண்டியிருந்தது. "சோலைராஜ்," என்றார்.

"சோலைராஜ் சார். எந்தக் கம்பெனி சார்?"

அவர் மேசையில் இருந்தவர்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி பேரைச் சொன்னார், குரல் இறங்கியிருந்தது.

"உங்க கார்டு ஒண்ணு கிடைக்குமா சார்? நாங்க இங்க பயிற்சிக்காக வந்திருக்கோம். யார் யாரைச் சந்திச்சோம்னு காலேஜ்ல சொல்லணும்."

கார்டு கொண்டுவரவில்லை என்றார். சட்டைப் பையில் கார்டுகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. ஜெனிலா பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கையை நீட்டினாள். "வணக்கம் சார். என் பேர் ஜெனிலா." அவர் தன் பேரைச் சொல்லாமல், நீங்கள் மாணவிகளா என்று கேட்டார். ஆமாம் என்றாள், கல்லூரி பேரையும் சொன்னாள். அவர் மெதுவாகக் கிளாசை மேசைக்குக் கீழே வைத்தார்.

பிளஸ்ஸி எழுந்து இவள் பக்கத்தில் வந்து நின்றாள். அடுத்த மேசைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். அங்கேயும் அதையே செய்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பிள்ளையும் தன் மேசையில் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வணக்கம் சார், என் பேர்..." என்று ஆரம்பித்தாள். சில மேசைகளில் பேச்சு நின்றுபோனது. ஒருவர் காரைப் பார்த்து நடந்தார்.

கூட்டத்தை நடத்தியவர் காமராஜ் என்ற பெரியவர், பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிறவர். அவர் வேகமாக வந்து, என்னம்மா நடக்கிறது என்று கேட்டார். ஜெனிலா அவருக்கும் கையை நீட்டிப் பேரைச் சொன்னாள். சொல்லும்போது கண்ணில் நீர் முட்டியது. கல்லூரியில் பயிற்சி என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள் என்றாள்.

"காலேஜ் பிள்ளைகளா? வரவேற்புக்கு ஆள் விடுற ஏஜென்சி ஆளுகன்னுல்ல ஆல்வின் என்கிட்ட சொன்னான்," என்றார் காமராஜ். ஆல்வினைக் கூப்பிட்டார். ஆல்வின் அப்போதும் நிதானமாகத்தான் வந்தார். பிள்ளைகள் விருப்பப்பட்டு வந்தார்கள், பகுதிநேர வேலை மாதிரி, கல்லூரிக்கும் தெரியும் என்றார். காமராஜ் அவரை மேலே பேசவிடவில்லை. போன்களையும் அட்டைகளையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, தன்னுடைய டிரைவரையே வேனை எடுக்கச் சொன்னார்.

அந்தப் பெரியவருக்கு உண்மையிலேயே முன்பே தெரியாதா, அல்லது கல்லூரி பேர் வெளியே வந்ததும் தெரியாததுபோல ஆகிவிட்டாரா என்பது ஜெனிலாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வேனில் ஏறும்போது ஆல்வின் அவள் அருகில் வந்து, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நான் சொல்லிக்கொடுத்ததை நல்லாத்தான் கத்துக்கிட்ட. ஆனா எட்டுப் பேரோட வேலையையும் கெடுத்துட்ட."

அந்த வார்த்தை வேலை செய்தது. திரும்பும் வழியில் யாரும் ஜெனிலாவோடு பேசவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பிளஸ்ஸி, "ஒரு போட்டோதானட்டி எடுத்தாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஜெனிலா அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் ஏற்கெனவே பாதி வழியில் வந்துகொண்டிருந்தார்.

திங்கள்கிழமை சத்தியநேசன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு கல்லூரிக்கு வந்தார். முதல்வர் அறையில் பென்சன் சாரும் இருந்தார். ஏதோ தகவல் பிசகு, நல்ல நோக்கத்தில்தான் அனுப்பினோம் என்று அவர் ஆரம்பித்தார். சத்தியநேசன் வழக்கம்போலக் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, உக்காருங்க," என்று ஜெனிலா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார், சாய்ந்தே உட்கார்ந்தார். எட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஒரு வாத்தியார்கூட ஏன் கூடப் போகவில்லை என்று மட்டும் கேட்டார். பென்சன் முதல்வரைப் பார்த்தார். அவர் கண்ணைப் பார்த்தபோது, இந்த மனிதருக்கும் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கிறது, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று கேட்காமல் இருந்துவிட்டார் என்று ஜெனிலாவுக்குத் தோன்றியது.

கல்லூரியின் புகார்க் குழுவில் அவள் எழுதிக் கொடுத்தாள். பேர் கெட்டுவிடும், பிள்ளைகளின் கல்யாணம் பாதிக்கும் என்று பலரும் சொல்லிப் பார்த்தார்கள். மற்ற ஏழு பேரில் மூன்று பேர் அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பிளஸ்ஸி போடவில்லை. விசாரித்தபோது, ஆல்வின் இதே மாதிரி வேறு ஊர்க் கல்லூரிகளிலும் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருப்பது தெரிந்தது. எங்கேயும் யாரும் வாய் திறந்திருக்கவில்லை. அவரை நிறுத்தினார்கள், போலீசிலும் புகார் போனது. அவர் போன் அணைந்துபோனது. பென்சனை வேலைவாய்ப்புப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். ஆல்வின் வேறு ஊரில் வேறு பேரில் வகுப்பு நடத்துகிறார் என்று சிலர் சொன்னார்கள். உண்மையா என்று தெரியவில்லை.

சந்தேகப்படுகிறவர்களை எந்த டீமும் வைத்துக்கொள்ளாது என்று ஆல்வின் சொன்னது மட்டும் கொஞ்சம் பலித்தது. கல்லூரிக்கு வந்த முதல் கம்பெனி ஜெனிலாவை எடுக்கவில்லை. வேலை நேரம் என்ன, யாருக்குக் கீழே வேலை, இரவில் வண்டி உண்டா என்று அவள் கேட்டுக்கொண்டே போனதை அவர்கள் ரசிக்கவில்லை. பிறகு ராஜபாளையத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எடுத்தார்கள். அங்கே போன முதல் வாரமே ஒரு கடையின் கணக்கில் ஒரே பில் இரண்டு தடவை இருப்பதைக் கண்டுபிடித்துக் கேட்டாள். ஆடிட்டர் அம்மா சந்தோசப்பட்டார். சந்தேகப்படுவதற்குச் சம்பளமா என்று கிருபாபாய் ஆச்சரியப்பட்டாள்.

பிளஸ்ஸி வெகுநாள் பேசவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்து ஒரு மாசம் ஆனபிறகு, ஒரு நாள் சாயங்காலம் ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். மறுபடியும் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். மதுரையில் ஏர்போர்ட் வேலைக்கு நேர்காணல் என்று போனில் வந்த மெசேஜைக் காட்டினாள். பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை என்றாள். அந்தத் தோப்பில் நடந்ததை அவள் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. யார் நல்லதாகச் சிரித்தாலும் இப்போது பயமாக இருக்கிறது என்றாள்.

"இத நம்பலாமாட்டி?"

"தெரியல. கேட்டுப் பாப்போம்," என்றாள் ஜெனிலா.

இரண்டு பேரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கம்பெனியின் நம்பரை நெட்டில் தேடினார்கள், மெசேஜில் இருந்த நம்பரை விட்டுவிட்டு. நாலைந்து தடவை அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். பிளஸ்ஸி தன் பேரைச் சொன்னாள். இடம் எங்கே, நேர்காணல் செய்வது யார், யாராவது துணைக்கு வரலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் அலுக்காமல் பதில் சொன்னாள், துணைக்கு வருகிறவர்கள் உட்கார இடம் இருக்கிறது என்றும் சொன்னாள்.

போனை வைத்த பிறகும் பிளஸ்ஸி முகம் தெளியவில்லை. ஜெனிலாவுக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. வியாழக்கிழமை தான் லீவு போட்டுவிட்டுக் கூட வருவதாகச் சொன்னாள். பிளஸ்ஸி தலையை ஆட்டிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தாள்.